கைதட்டினோம்

எங்கள் கிடங்கின் சரக்கு மேடை நான்கடி உயரம். லாரி பின்பக்கமாக வந்து ஒட்டி நின்றால் அதன் தளமும் மேடையும் ஒன்றாகிவிடும். லாரி போனதும் அந்த வாசலுக்குக் குறுக்கே சங்கிலி மாட்ட வேண்டும். நாங்கள் மாட்டுவதில்லை. அடுத்த லாரி இதோ வந்துவிடும், எதற்கு வெட்டி வேலை என்று விட்டுவிடுவோம்.

அதனால் மாதத்துக்கு ஒருவராவது விழுவார். யார் விழுந்தாலும் மற்றவர்கள் வேலையை நிறுத்திக் கைதட்டுவோம். விழுந்தவர் எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, மேடையைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். முனகிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்குக் கேலி ஓயாது. நானே இரண்டு முறை வணக்கம் வைத்திருக்கிறேன்.

என் தங்கையின் கணவரை அங்கே வேலைக்குச் சேர்த்தது நான்தான். நல்ல உயரம். வந்த அன்றே ஏணி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அன்று காலை அவர் சுமையேற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு பின்னோக்கி நடந்து வந்தார். தள்ளுவதைவிட இழுப்பது சுலபம் என்று எல்லாரும் அப்படித்தான் செய்வோம். மூன்றாம் வாசலில் லாரி நிற்பதாக நினைத்திருக்கிறார். அது கிளம்பிப் போயிருந்தது. சங்கிலி கொக்கியில் சும்மா தொங்கியது.

"ஏணி சாஞ்சிடுச்சுடா," என்று கத்தினேன். முதல் கைதட்டலும் என்னுடையதுதான்.

கீழே சிமெண்டுத் தரை. பின்னந்தலையை ஒரு கையால் பிடித்தபடி எழுந்து குனிந்தார். "டிக்கெட் வாங்காம பாக்குறீங்களே மச்சான்," என்றார். மேடையே சிரித்தது.

தேநீர் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தலை கனமா இருக்கு மச்சான்."

"உள்ள ஏதாவது இருந்தாத்தானே கனக்கும் மாப்ளே."

அதற்கும் சிரித்தார். மதியம் வாந்தி எடுத்தார். எந்த வாசலுக்குப் போகிற சரக்கு என்று ஒரே பெட்டியைப் பற்றி மூன்று முறை கேட்டார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். "வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க, சரியாயிடும்," என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

மாலை ஐந்து மணிக்குத் தங்கை எழுப்பியபோது அவர் எழவில்லை. தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. விழுந்ததும் கொண்டுவந்திருக்கலாமே என்று மருத்துவர் கேட்டார்.

விசாரணையில், அவர் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்று எழுதிக்கொடுத்தோம். பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டோம். பிறகு மேடை விளிம்பில் மஞ்சள் கோடு வந்தது. கைவண்டியைத் தள்ளத்தான் வேண்டும் என்று உத்தரவு வந்தது. சங்கிலி மாட்டாமல் இப்போது யாரும் நகர்வதில்லை. விழுந்தவரை எழுப்பாதே, ஒன்றுமில்லை என்று அவரே சொன்னாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்று சுவரில் ஒரு தாள் இருக்கிறது. அது என் கையெழுத்து.

ஆனால் நான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தங்கை ஒன்றையே கேட்டாள். "யாருமே பாக்கலையாண்ணா? அவ்வளவு பேர் இருக்கிற இடத்துல தனியாவா விழுந்து கெடந்தாரு?"

ஏழு மாதம் நான் பதில் சொல்லவில்லை. அவள் அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன்.

"தனியா இல்லம்மா. எல்லாரும் பாத்தோம். கைதட்டினோம்."

அந்த வழக்கத்தையும் சொன்னேன். மடித்த சட்டையைப் பிரித்து அவள் மறுபடி மடித்தாள்.

"அவரு என்ன பண்ணாரு?"

"குனிஞ்சு வணக்கம் வெச்சாரு."

"சிரிச்சாரா?"

"சிரிச்சாரு."

"முதல்ல யாரு தட்டினது?"

"நான்தான். தூங்கச் சொல்லி அனுப்பினதும் நான்தான்."

வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்து எழுந்து நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைசிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"மச்சான் தூங்கச் சொன்னாருன்னு சொல்லித்தான் படுத்தாரு," என்றாள். "வெயில் மூஞ்சியில அடிச்சுது. முழிச்சுக்கப் போறாரேன்னு நான் போய் ஜன்னலைச் சாத்தினேன்."