நானே போட்டுக்குவேன்

குழந்தைகள் காப்பகத்தில் வாண்டுக்குப் புதிதாக ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பாத்திரம் நடுவில் இருக்கும். அவரவர் தட்டில் அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். நாலு வயதுக்கு இது பெரிய பதவி. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து தலைகால் புரியாமல் ஆடினாள்.

“இன்னைக்கு நானே போட்டுக்குவேன்!”

அம்மா பானையை மறைத்தபடி வந்து நின்றாள்.

பரிமாறுவது அந்த வீட்டில் அவள் மட்டும் அறிந்த கண்கட்டு வித்தை. சலவைக் கடையில் நாளெல்லாம் இஸ்திரி போட்டுவிட்டு வந்து, அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி நின்றபடி சோற்றை உதிர்ப்பாள். தட்டு முழுக்கப் பரப்பி, நீர்த்த பருப்பை மேலே ஊற்றிக் கொடுப்பாள். பானைக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. கணவனுக்கு வேலை போனதிலிருந்து அரிசி குறைந்ததும், அவளுடைய பங்கே இல்லாமல் போனதும் அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் இடிந்துபோவான், ஏற்கெனவே பாதி இடிந்துதான் கிடந்தான். அவனுக்கு ஒரு வேலை கிடைக்கும்வரை இதை மறைத்துவிட்டால் போதும் என்றிருந்தாள்.

“கையைச் சுட்டுக்குவே. அம்மா போடுறேன்.”

“கரண்டியை இப்படிப் புடிச்சா சுடாதுன்னு மிஸ் சொன்னாங்க.”

“நாளைக்குப் பாக்கலாம்டி, என் கண்ணுல்ல?”

“விடேன், புள்ள ஆசைப்படுது” என்றான் கணவன். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தான். அவனே வந்து பானையைத் தூக்கினான். அதில் கனமே இல்லை. சிரிப்பு போய்விட்டது. பானையைக் கொண்டுபோய்க் கூடத்தின் நடுவில் வைத்தான்.

வாண்டு தட்டுகளைப் பார்த்தாள். அப்பாவுக்கு, அண்ணனுக்கு, அவளுக்கு என்று மூன்றுதான் இருந்தன.

“அம்மா தட்டு எங்க?”

“அம்மா அப்புறம் சாப்பிடுறேன்.”

“எல்லாருக்கும் தட்டு வந்தாத்தான் எடுக்கணும்!”

அவளே ஓடி இன்னொரு தட்டைக் கொண்டுவந்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒரு பருக்கை சிந்தாமல் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டாள். கரண்டியை அண்ணனிடம் நீட்டினாள். அவன் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் கொடுத்தான். அப்பாவின் கரண்டி பானையின் அடியைக் கரகரவென்று சுரண்டியது. வந்ததை அவன் மனைவியின் தட்டில் போட்டான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கு மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

“இவ்ளோதானா?” என்றான் அண்ணன். உதட்டைப் பிதுக்கினான்.

வாண்டு மட்டும் அசரவில்லை. இதற்கும் மிஸ் வழி சொல்லிக்கொடுத்திருந்தாள். காலிப் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றாள்.

“தீர்ந்துபோச்சும்மா. தீர்ந்துபோனா உள்ள குடுத்துக் கேக்கணும். நிறையப் போட்டுக் குடுப்பாங்க.”

அம்மா பானையை வாங்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள். போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. அடுப்பைப் பார்த்தபடி அப்படியே நின்றாள். கூடத்தில் மகள் அண்ணனை அதட்டுவது கேட்டது.

“அழாத. கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. அம்மா இப்பக் கொண்டுவருவாங்க.”