செங்கல்லுக்கு என்ன நிறம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஹாலிலிருந்து வந்தது. ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் நாங்கள் இருக்கும் பழைய வீட்டு ஹாலில் குளிருக்கு நெருப்பு மூட்ட, செங்கல்லால் கட்டிய கணப்பு ஒன்று இருக்கிறது. அதன் இரு பக்கமும் சுவரோடு சேர்த்துக் கட்டிய மர அலமாரிகள். இவற்றுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதுதான் கதை. (இதெல்லாம் ஒரு கதையா என்று கேட்கிறீர்கள். இவரும் அதைத்தான் கேட்டார்.)

இவர் என்றால் என் கணவர். கதையில் அவர் பெயர் மணியம், என் பெயர் பாக்கியலட்சுமி. இரண்டும் பொய். மகள் தனுஷாவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது.

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். ஆள் உயரமா குட்டையா, நாற்காலி எந்தப் பக்கம், ஒன்றும் தெரியாது. இரண்டு பேர் பேசிக்கொள்வது கேட்கும். ஓடிப்போய் எழுதிக்கொள்வேன். ஒரு பகுதி முடிந்ததும் இவரைக் கூப்பிடுவேன். பெண்கள் பேசுவதை நான் வாசிப்பேன், ஆண்கள் பேசுவதை இவர் வாசிப்பார். இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் ஈப்போவில் இருந்த காலத்திலிருந்து இதுதான் வழக்கம். என் கதைகளில் வந்த திருடன், கங்காணி, கல்யாண மாப்பிள்ளை, போலீஸ்காரன் எல்லாரும் இவர் குரலில்தான் முதலில் பேசினார்கள். பொய்யான வரி வந்தால் இவர் நாக்கு அங்கே நின்றுவிடும். "இத அவன் சொல்ல மாட்டான்" என்பார். நான் அடித்துவிட்டு வேறு எழுதுவேன்.

இந்தக் கதையும் அப்படித்தான் போகும் என்று நினைத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். ஆக்லாந்தில் மழை விட்டபாடில்லை. மணியம் சன்னலோரம் நின்று—'

வேண்டாம். இந்த ஊரில் மழையில் தொடங்கினால் எல்லாக் கதையும் ஒரே கதையாகிவிடும்.

இரண்டாம் முயற்சி:

'வாழ்நாள் முழுவதும் பொய்ப்பல் செய்த மனிதருக்கு வெள்ளையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.'

இது பரவாயில்லை. உண்மையும்கூட. இவர் ஈப்போவிலும், பிறகு இங்கேயும், பல் கட்டும் லேபில் வேலை பார்த்தவர். யாரோ ஒருவர் வாயில் மிச்சமிருக்கும் பற்களுக்குப் பக்கத்தில் மாதிரிப் பல்வரிசையைப் பிடித்துப் பார்த்து, அந்த வெள்ளையை அப்படியே செய்து கொடுப்பார். ஆனால் இப்படித் தொடங்கினால் மனிதர் பெருமையாக நிற்கிறார், அவ்வளவுதான். என்ன தொந்தரவு என்று தெரியவில்லை. ஆகவே எனக்குத் தெரிந்த வழிக்கே போகிறேன்.

மூன்றாம் முயற்சி:

"எல்லாமே வெள்ளையா?" என்றார் மணியம்.

"எல்லாமே வெள்ளைதான்ப்பா. செங்கல்லுக்கும் வெள்ளை, ரெண்டு பக்கம் அலமாரிக்கும் வெள்ளை. ஹால் பெரிசாத் தெரியும், வாங்க வர்றவங்களுக்குப் புடிக்கும்னு ஏஜெண்ட் சொல்றாரு. சம்மர்ல வீட்ட வித்துறலாம்."

"யாரு விக்கிறா?"

"அப்பா, உங்க கண்ணு—"

"என் கண்ணுக்கு என்னா?"

"ஒன்னும் இல்லன்னா கண் டாக்டர்கிட்ட வாங்க. நல்லாருக்குன்னு அவர் சொல்லிட்டா நான் வாயே தொறக்கல. இல்லாட்டி ரெண்டு பேரும் எங்ககூட மனுரேவா வீட்டுக்கு வந்துருங்க. பின்னால கார் ஷெட்ட ரூமாக் கட்டி வச்சிருக்கோம்ல?"

"அது காடி நிறுத்துற எடம் லா. நாங்க வந்துட்டா காடி எங்க தூங்கும்?"

"அம்மா, நீங்களே சொல்லுங்கம்மா."

அம்மா காப்பி போட எழுந்து போனாள்.*

* தனுஷா பேசியதெல்லாம் ஆங்கிலம். என் காதில் எப்போதும் தமிழாகத்தான் விழுகிறது. அவளும் என் தமிழை ஆங்கிலமாகக் கேட்கிறாள் என்று நினைக்கிறேன். சண்டை மட்டும் இரண்டு மொழியிலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

3

வண்ணத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று உங்களுக்குத் தோன்றலாம். சொல்கிறேன்.

இவர் ஹாலுக்குள் வரும்போது நான் கவனித்திருக்கிறேன். வாசல் நிலையில் கை வைப்பார். ஒரு கணம் நிற்பார். பிறகு அந்தச் சிவப்பைப் பார்த்து நடப்பார். ஹாலில் சிவப்பாக இருப்பது கணப்பு ஒன்றுதான். அதற்கு இடது பக்கம் இவர் நாற்காலி, கைக்கெட்டும் தட்டில் கண்ணாடிக்கூடு, ரேடியோ, பேட்மிண்டனில் வாங்கிய கோப்பைகள். செங்கல்லை வெளுத்துவிட்டால் வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கணப்பு. இவருக்கு ஹாலே இல்லாமல் போய்விடும்.

இப்படி நான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது. வாசல் நிலையில் கை வைப்பது முட்டிவலியாகவும் இருக்கலாம்.

காடி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். "வயசானவங்களுக்குக் குடுக்குற கோல்ட் கார்டு இருந்தா பஸ்ஸு சும்மா போகுது, எதுக்கு எண்ணெய் ஊத்தணும்?" என்றார். நியாயம்தான். தினமும் பேப்பரை விரித்து உட்காருகிறார். பக்கத்தைத் திருப்புகிறார். என்ன செய்தி என்று கேட்டால், "வீட்டு வெல ஏறிருச்சாம்" என்கிறார். அந்த வருடம் ஆக்லாந்தில் பேப்பரைத் திறக்காமலே அதைச் சொல்லலாம்.

ஏஜெண்ட் வந்துபோன அன்று இவர் சொன்னது: "அவருக்கு மேல் வரிச பூரா கட்டுன பல்லு. நல்ல வேல." எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண் தெரிகிறதே! அடுத்த மூச்சில், "'ச' சொல்லும்போது காத்து போகுது பாத்தியா?" என்றார். சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

இந்த இடத்தில் பாக்கியலட்சுமி மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இத்தனை வருடம் கூட இருந்தவள், நேராகக் கேட்டால் என்ன? ஒரு கேள்வியில் கதை முடிந்துவிடுமே! வாசகர்கள் என்னைத் திட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், கேட்டாள்.

"என்னாங்க, என் மூஞ்சி உங்களுக்குத் தெளிவாத் தெரியுதா?"

"தெரியுது. அதனாலதான் அப்பப்ப கண்ண மூடிக்கிறேன்."

இதற்குமேல் அவள் என்ன கேட்பாள்?

4

ஆகவே பாக்கியலட்சுமி ஒரு சோதனை வைத்தாள். (வைத்தது நான். ஆனால் அவள் பெயரில் எழுதினால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது.)

பெயிண்ட் கடையில் ஒரே வெள்ளையைக் கால், அரை, முழுசு என்று திடம் பிரித்துக் கலக்கித் தருகிறார்கள். மூன்றையும் அட்டையில் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இவருக்குத் தெரிந்திருக்கும். அதாவது, முன்பு தெரிந்திருக்கும். அரைத் திடத்தில் ஒரே ஒரு சாம்பிள் டப்பா வாங்கினேன். வலது பக்க அலமாரியில் ஒரு கட்டம், இடது பக்க அலமாரியில் ஒரு கட்டம். இரண்டும் அதே டப்பா, அதே பிரஷ். காய்ந்ததும் கூப்பிட்டேன்.

"என்னாங்க, ரெண்டு வெள்ள அடிச்சிருக்கேன். எது நல்லாருக்கு?"

இவர் வந்தார். வலது பக்கம் நின்றார். இடது பக்கம் நின்றார். விரல் நுனியால் தொட்டார்.

"எடது பக்கம் மஞ்ச கூட. சிகரெட் குடிக்கிறவன் பல்லு மாதிரி இருக்கு. வலதுதான் சுத்தம்."

"நிச்சயமாவா?"

"நான் பல்லுக்காரன்டி."

நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். சத்தம் வேண்டியிருந்தது.

(இங்கே பாக்கியலட்சுமி அழுதாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.)

பிறகுதான் உறைத்தது. வலது பக்கம் சன்னல். இடது பக்கம் இவர் நாற்காலிக்கு மேல் எரியும் மஞ்சள் விளக்கு. "ஒரே பல்லு ரெண்டு வெளிச்சத்துல ரெண்டு பல்லு" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். அப்படியானால் இவர் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. தவறு என் சோதனையில். நிம்மதியாக இருந்தது, மறுநாள் காலை காப்பி குடிக்கும்வரை.

"இன்னொரு டப்பா எங்க?" என்றார்.

"எந்த டப்பா?"

"ரெண்டு கலருன்னா ரெண்டு டப்பால்ல இருக்கணும்? மூடி நெம்புன சத்தம் ஒன்னுதான கேட்டுச்சு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். இப்போது சொல்லுங்கள், இவர் கண்ணால் பார்த்தாரா, காதால் கண்டுபிடித்தாரா? சிகரெட் பல் என்றது உண்மையாகவா, என்னைக் கேலி செய்யவா? எனக்குக் குழப்பம்தான் மிச்சம். அலமாரியில் இரண்டு கட்டங்கள் மிச்சம்.

5

முடிவுகள்.

முதல் முடிவில் கண் டாக்டர் வருகிறார். சின்ன ஆபரேஷன், மறுவாரம் மணியத்துக்கு எல்லாம் தெரிகிறது. வேண்டாம். டாக்டர் வந்தால் வெள்ளைக் கோட்டோடு வருவார். இந்தக் கதையில் ஏற்கெனவே வெள்ளை அதிகம்.

இன்னொன்றில் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்து, வீட்டை விற்று, இருவரும் மனுரேவாவுக்குப் போகிறார்கள். புது அறையில் மணியம் வாசல் நிலையில் கை வைத்து நிற்கிறார். எதைப் பார்த்து நடப்பது என்று—

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன்.

ஆனாலும் இந்த முடிவைத்தான் சுத்தமாக எழுதினேன். வேண்டுமென்றே எழுதினேன். பொய்யான வரி வந்தால் இவர் நாக்கு நிற்கும் அல்லவா? மணியம் வாயில் ஒரு பொய்யை வைத்து, இவர் கையில் கொடுத்து, நிற்கிறதா என்று பார்க்க நினைத்தேன். வாசிக்க முடிந்தால்தானே நிற்க முடியும்!

எழுதிய தாள் ஓர் ஏஜெண்டின் விளம்பரம். எங்கள் தபால்பெட்டியில் வாரம் தவறாமல் விழும். நல்ல கெட்டித் தாள், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். நான் கொஞ்ச காலமாக அதில்தான் கதை எழுதுகிறேன். ஒரு பக்கம் என் கையெழுத்து, மறுபக்கம் யாராவது ஓர் ஏஜெண்ட் கை கட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

6

மத்தியான வெளிச்சம் நன்றாக இருந்தது. இவர் தன் நாற்காலியில். நான் எதிரே. என் வரி எனக்கு மனப்பாடம். தாளை இவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எப்போதும் பிடிக்கும் தூரத்தில் பிடித்தார்.

தாளில் இருந்தது இது:

பாக்கியம்: தனுஷா சனிக்கிழம பெயிண்டரோட வர்றா. என்னா சொல்லட்டும்?

மணியம்: வெள்ளையே அடிக்கச் சொல்லு. போயிரலாம்.

நான் என் வரியைச் சொன்னேன்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மணியத்தின் குரலில், நிறுத்தி, வாசிப்பதுபோலவே சொன்னார்:

"செங்கல்ல தொட வேணாம்னு சொல்லு."

பாக்கியத்துக்கு அதற்குமேல் தாளில் வரி இல்லை. இருந்தாலும் கேட்டேன்.

"ஏன்?"

"அது ஒன்னுதான் செவப்பா இருக்கு. அலமாரிக்கு மட்டும் வெள்ள அடி. வெள்ள, செவப்பு, வெள்ள. நான் பாட்டுக்கு நடுவுல பாத்து வந்து உக்காந்துருவேன்."

"உக்காந்து?"

"உக்காந்து என்னா? நீ பேசிக்கிட்டே இருப்ப. எங்க இருக்கன்னு தெரிஞ்சிரும்."

குழாயைத் திறந்துவிட அங்கே குழாய் இல்லை. "இதெல்லாம் அதுல எழுதியிருக்கா?" என்றேன்.

"உன் கையெழுத்துல எது வேணாலும் எழுதியிருக்கும்." தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "நல்ல எடம். மாத்தாத."

வாசிக்கும்போது தாளின் எந்தப் பக்கம் அவரைப் பார்த்து இருந்தது? என் கையெழுத்தா, சிரிக்கும் ஏஜெண்டா? அதைப் பார்ப்பதற்காகத்தானே எதிரே உட்கார்ந்தேன். பார்க்கவில்லை. குரலைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன்.

7

இவருக்கு வரி தெரியவில்லை, ஆகவே தன் மனத்தில் இருந்ததைச் சொன்னார் என்று எடுத்துக்கொண்டால், சனிக்கிழமை பெயிண்டரோடு வரும் மகளிடம் நான் உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த வீடு போய்விடும். வரி நன்றாகத் தெரிந்தது, பொய் என்று நாக்கு நின்றது, எப்போதும் நான் அடித்து மாற்றுவதை இந்த முறை இவரே மாற்றிவிட்டார் என்று எடுத்துக்கொண்டால், சொல்ல ஒன்றுமே இல்லை. சிவப்பு சிவப்பாகவே இருக்கும், நாங்களும் இருப்போம்.

எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள்போல எழுதிப்பார்த்தேன். பாக்கியலட்சுமியின் குரல் எழவே இல்லை.

நான் எழுதிய வரியை அடித்துவிட்டேன். இவர் சொன்னதையும் அதன் இடத்தில் எழுதவில்லை. எழுதினால் அது மணியம் சொன்னதாகிவிடும். சொன்னது மணியம் இல்லையே! இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள். எதிரே உட்காரச் சொல்லுங்கள். பாக்கியத்தை நீங்கள் வாசியுங்கள், மணியத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். தாளைக் கொடுக்க வேண்டாம். அவர் என்ன சொன்னாலும், அங்கே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று தலையாட்டுங்கள்.

பாக்கியம்: என்னாங்க, பெயிண்டர் வந்துட்டாரு. வாசல்ல நிக்கிறாரு. என்னா சொல்லட்டும்?

மணியம்: