எலும்பு வரிசையில் ஒருத்தி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் குற்றவுணர்ச்சியில் பிறந்தது. மணிக்கட்டு பிசகி, மணிலாவில் ஓர் அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருத்தி. கை காலில் கட்டு எதுவும் இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பெயர் தெரியாது. ஜோவெலின் என்று வைக்கிறேன். கடைசியில் வரும் பேச்சு மட்டும் என் காதில் விழுந்தது, மற்றதெல்லாம் கற்பனை.

முதல் வரி: 'ஜோவெலின் ஒரு பாவப்பட்ட...'

(வேண்டாம். பாவம் என்ற சொல்லை அவள் தலையில் ஏற்கெனவே நிறையப் பேர் கட்டிவிட்டார்கள்.)

2

ஜோவெலினுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்தது. இன்னொன்று தரித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர். தரித்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை.

தரித்தது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வந்தவள், தேவாலய வாசலில் மெழுகுவர்த்தி விற்பவளிடமே தீட்டு வரவைக்கிற கஷாயமும் கொஞ்சம் மாத்திரையும் வாங்கினாள். என்ன மாத்திரை, எப்படிச் சாப்பிடுவது, எதையும் கேட்கவில்லை. கேட்டால் பக்கத்தில் நிற்பவர் காதில் விழும்.

(கணவன் லித்தோவை என்ன செய்வது? வில்லனாக்கினால் எனக்கு வேலை சுலபம். அவன் ஜீப்னி, அந்த ஊர் ஷேர் வண்டி, ஓட்டுகிறான். அவனிடம் அவள் சொல்லவில்லை. அவ்வளவுதான்.)

3

ஐந்து நாளாக ரத்தம், கூடவே காய்ச்சல். நாத்தனார் மிலாதான் கூட்டிவந்தாள். வழியெல்லாம் பாடம் நடத்தினாள்.

"வாயத் தொறக்காத. குளியலறையில வழுக்கி விழுந்தேன், அவ்வளவுதான். எல்லாரும் அதத்தான் சொல்லுவாங்க. உண்மையச் சொன்னா போலீசக் கூப்பிட்டுருவாங்க."

"எங்க அடிபட்டுச்சுன்னு கேட்டா, அக்கா?"

"இடுப்புலன்னு சொல்லு."

சொன்னாள். வாசலில் எண் கொடுக்கும் காவலாளி 'விழுந்தது, இடுப்பு' என்று எழுதி, எலும்பு வரிசையைக் கை காட்டினான். மாவுக்கட்டு போட்டவர்கள் நடுவே இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய் மாற்றிச் சொல்லவும் பயம்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கருக்கலைப்புக்கு அந்த நாட்டில் சிறை. ஆனால் கலைந்தபின் உடம்புக்கு ஆபத்தாகி வருகிற பெண்ணுக்கு, ஏசாமல், இரக்கத்தோடு சிகிச்சை தர வேண்டும் என்பதும் அதே நாட்டின் சட்டம். மிலாவுக்கு இது தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. கதைக்குள் யாராவது இதைச் சொல்வதுபோல் எழுதிப் பார்த்தேன். அந்த வரிசையில் இருந்த ஒருவர் வாய்க்கும் அது பொருந்தவில்லை.)

4

முடிவு ஒன்று: அவள் நாற்காலியிலேயே...

(எழுத மாட்டேன்.)

முடிவு இரண்டு: நல்ல டாக்டர் ஒருவர் ஓடிவருகிறார்.

(என்னைத் தேற்றிக்கொள்ள எழுதியது. அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. ஒரு நர்ஸ் கையில் படிவத்தோடு அந்தப் பக்கம் போனவள் நின்றாள். ஜோவெலின் முகத்தைப் பார்த்தாள், நாற்காலிக்குக் கீழே பார்த்தாள். குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"என்னம்மா சாப்பிட்ட? எத்தனை?"

மிலா முந்திக்கொண்டு, வழுக்கி விழுந்துவிட்டாள் என்றாள். நர்ஸ் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

ஜோவெலின் உதட்டை நனைத்துக்கொண்டாள். "சொன்னா என்ன செய்வீங்க?"

அப்போது என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன். இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருந்தவன், அந்த ஒரு நிமிஷம் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் யாரும் இல்லை.

ஆக, நர்ஸின் பதில் என்னிடம் கிடையாது. அவள் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நில்லுங்கள். ஜோவெலின் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். நீங்கள் சொல்வதைப் பொறுத்துத்தான் அவள் வாயைத் திறப்பாள். அவளுக்குக் குளிரெடுக்கத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் சொல்லுங்கள்.