நால்வர் அமர்ந்தால் கூட்டம்

பத்திரப்பதிவு ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஷண்முகசுந்தரத்தைத் திருத்தணிக் கடைத்தெருவில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. 2007இல் பார்க்கத் தொடங்கினார்கள். கண்ணையன் தன் மிட்டாய்க்கடையில் எழுந்து நின்று கும்பிட்டார். புதிதாகத் திறந்த செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்டக் கூப்பிட்டார்கள். இத்தனைக்கும் காரணம் ஒரு மொழிபெயர்ப்பு.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பாஷா ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தான். கூட்டமில்லாத மத்தியானங்களில் சிலர் அங்கே உட்கார்ந்து இணையத்தில் இருந்த ஒரு கலைக்களஞ்சியத்துக்குத் தமிழ்க் கட்டுரைகள் எழுதிப் போட்டார்கள். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் பத்மஜா வேதியியல் எழுதினாள். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி போட்டிருந்த பெருமாள் பறவைகளைப் பற்றி எழுதினார். தறிச் சத்தத்தில் எந்தப் பறவையும் தன் வீட்டுப் பக்கம் வருவதில்லை என்ற ஏக்கம் அந்தக் கட்டுரைகளில் தெரியும். பாஷா இடம் கொடுத்தான், கரண்ட் கொடுத்தான், எழுத்துப் பிழை திருத்தினான். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட கணேஷ்ராம், எதைக் கேட்டாலும் "நானும் அதே" என்று மின்னஞ்சல் அனுப்புவான்.

ஷண்முகசுந்தரம் கட்டுரை எதுவும் எழுதவில்லை. விதி இல்லாமல் கட்டுரை எழுதுவது பட்டா இல்லாமல் வீடு கட்டுவதற்குச் சமம் என்று சொல்லி, விதிகள் எழுதினார்.

களஞ்சியத்தின் தலைமை அமைப்பு ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த நிர்வாகச் சொற்களுக்குத் தமிழ் காணும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். 'சாப்டர்' என்றால் கிளை என்றாள் பத்மஜா.

"கிளையா? பேங்க் மாதிரி இருக்கும்மா" என்றார் அவர். அதனால் அது 'திருத்தணி அத்தியாயம்' ஆயிற்று. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்பதை எல்லோரும் 'கோரம்' என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவந்தார்கள். கேட்கவே பயங்கரமாக இருக்கிறது என்று 'நிறைவெண்' என வைத்தார். அவர் எதிரில் மட்டும் நிறைவெண் என்றார்கள். 'டிரஸ்டி'க்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை: அறங்காவலர். அப்போது அந்தப் பதவிக்கு வேறு யாரும் கை தூக்காததால் அவரே அறங்காவலரானார். மறுநாளே கார்டு அடித்தார்.

கோயில் ஊரில் அறங்காவலர் என்றால் ஒரே அர்த்தம்தான். கார்டில் அந்தச் சொல் கட்டெறும்பு அளவுக்கும், அதன் கீழே 'கட்டற்ற அறிவுக் களஞ்சியம்' என்பது சிற்றெறும்பு அளவுக்கும் இருந்தது. சிற்றெறும்பை யாரும் படிக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு வரிசையில் நிற்காமல் மலைமேல் போக வழி உண்டா என்று கேட்டவர்களிடம் ஷண்முகசுந்தரம் "பார்க்கலாம்" என்பார். பொய் சொல்லும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

பொதட்டூர்பேட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பரந்தாமன் அவருக்காக முன்சீட்டில் துண்டு போட்டு வைத்தான். அவன் மகளுக்கு மலையில் காது குத்த வேண்டியிருந்தது.

ஒரே ஒரு இடைஞ்சல். அறங்காவலரின் பதவிக்காலம் ஓராண்டு, அதே நபர் மறுபடி வரக்கூடாது என்று விதி சொன்னது. அதை எழுதியபோது பதவி பத்மஜாவுக்குப் போகும் என்று அவர் நினைத்திருந்தார்.

ஆண்டு முடிந்தது. பத்மஜாவுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை. பெருமாளுக்குத் தறி. மிச்சம் இருந்தவன் பாஷா. ஷண்முகசுந்தரத்துக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, தேர்தல் நடக்காதவரை. புது ஆள் வரும்வரை பழையவர் தொடர்வார் என்றும் ஒரு விதி இருந்தது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நால்வர் வேண்டும். பெங்களூர் "நானும் அதே" எண்ணிக்கையில் சேராது. ஆக, அவர் ஒருவர் வராவிட்டால் போதும். சனிக்கிழமை சனிக்கிழமை பொதட்டூர்பேட்டையில் இருந்த அவருடைய தங்கைக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று. அவரும் அங்கே பஸ் ஏறினார்.

"அந்தம்மா நேத்து சந்தையில பூசணிக்காய தூக்கிகினு போறாங்க பாய்" என்று பெருமாள் போனில் பாஷாவிடம் சொன்னார். "முழு பூசணி."

அடுத்த சனிக்கிழமை ஷண்முகசுந்தரம் முன்சீட்டில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டபோது பின்சீட்டில் பாஷா வந்து உட்கார்ந்தான். எதிர்ப்பக்கம் பத்மஜா. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள், காலையிலேயே திருத்தணிக்கு வந்து காத்திருந்த பெருமாள் பாஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா சார், தங்கச்சிக்கு எப்படி இருக்கு?" என்றார் பெருமாள்.

ஷண்முகசுந்தரத்துக்குத் தன் விதி ஞாபகம் வந்தது. ஒருநாள் கரண்ட் போய், டீக்கடையில் கூட்டத்தை முடிக்க வேண்டியிருந்ததால் அவரே எழுதிய விதி: 'நால்வர் எவ்விடத்து ஒருங்கே அமர்ந்திருப்பினும் அது கூட்டமாகவே கொள்ளப்படும்.' பத்திர ஆபீஸ் மூளை உடனே வேலை செய்தது. அமர்ந்திருப்பின். அவர் சட்டென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பத்மஜா சிரித்துவிட்டாள். "சார், பேட்டை வரைக்கும் நிக்கப் போறீங்களா?"

"காத்து வேணும்மா."

"காத்து ஜன்னலாண்டதான் சார் வரும்" என்றான் பாஷா.

பரந்தாமன் பதறிக்கொண்டு வந்தான். "யோவ், இன்னாய்யா பண்ணீங்க அவர? சார், உக்காருங்க சார்."

"இல்லப்பா, நிக்கறேன்."

பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பாஞ்சாலி கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "மலையில பெரிய பதவியில இருக்கறவரு நின்னுகினு வராரு, நம்ம உக்காந்துகினு போறதா? எந்தச் சாமி மன்னிக்கும்?" அவள் எழுந்ததைப் பார்த்து அவள் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பிறகு வரிசையாக எழுந்தார்கள். பாஷா, பத்மஜா, பெருமாள் மூவர் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸே அவர்களைப் பாவிகளாகப் பார்த்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கத்தினார். "இன்னாடா பரந்தாமா, தேசிய கீதமா பாடறாங்க? எல்லாம் உக்காந்தாத்தான் வண்டிய எடுப்பேன்!"

"நீங்க உக்காராம யாரும் உக்கார மாட்டாங்க சார்" என்று பரந்தாமன் கையெடுத்துக் கும்பிட்டான். "அறங்காவலரே, தயவு பண்ணுங்க."

அறங்காவலர் உட்கார்ந்தார்.

"கோரம்!" என்றார் பெருமாள்.

"நிறைவெண்" என்றார் ஷண்முகசுந்தரம் பழக்கதோஷத்தில். அத்தோடு கூட்டம் செல்லுபடியானது.

பஸ் கிளம்பியது. பத்மஜா பாஷாவின் பெயரை முன்மொழிந்தாள், பெருமாள் ஆங் என்றார். ஷண்முகசுந்தரம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாஷா, எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா. ஊருக்குத்தான் பார்க்கறேன். அறங்காவலர் பாஷான்னு போர்டு வெச்சா ஜனங்க தப்பா புரிஞ்சிப்பாங்க."

"ஒரு வருசமா சரியா புரிஞ்சிகினாங்களா சார்?"

ஷண்முகசுந்தரம் சட்டைப்பையில் எட்டிப்பார்த்த கார்டுகளை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டார்.

"சரி சார், அறம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான் பாஷா. "காவலர மட்டும் எனக்குக் குடுத்துடுங்க. டெய்லி ஷட்டர இழுக்கறது நான்தான்."

மாற்றுக் கருத்து வராவிட்டால் சம்மதம் என்பதும் அவர் எழுதிய விதிதான். அவர் வாய் திறக்கவில்லை. பரந்தாமன் டிக்கெட் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்போ நீங்க மலைமேல இல்லியா சார்?"

"போவேன்ப்பா. கிருத்திகைக்குக் கிருத்திகை."

"பொண்ணு காதுகுத்துக்குப் பார்க்கலாம்னு சொன்னீங்களே?"

"பார்க்கலாம்னுதானே சொன்னேன்."

"ஆங்" என்றான் பரந்தாமன். "நானும் பாத்துகினுதான் இருந்தேன் நைனா." முன்சீட்டில் கிடந்த தன் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனான்.

பிரவுசிங் சென்டர் வாசலில் 'காவலர்: பாஷா' என்று எழுதி வைத்தார்கள். அந்த வாரமே ஒருத்தர் சைக்கிள் காணோம் என்று புகார் கொடுக்க வந்தார். பாஷா அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி சொல்லி அனுப்பினான்.

அடுத்த கூட்டத்துக்கு ஷண்முகசுந்தரம் முதல் ஆளாக வந்தார். மிச்சமிருந்த கார்டுகளில் எல்லாம் 'அறங்காவலர்' என்பதற்கு முன்னால் பேனாவால் 'முன்னாள்' என்று எழுதியிருந்தார். முன்னாள் அறங்காவலர் என்பதற்குப் பதவிக்காலம் கிடையாது என்று ஒரு விதியும் தயாராக வைத்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. நிறைவேறியது.

முதல் கார்டு கண்ணையனுக்குப் போனது. அவர் அதைத் தூரமாகப் பிடித்துப் படித்துவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்து கும்பிட்டார். ஷண்முகசுந்தரம் தெருத் திரும்பியதும் கடையில் நின்றிருந்தவரிடம் சொன்னார்: "இப்ப பதவியில இருக்கறவனுக்குப் பயம் இருக்கும். முன்னாளுக்கு இன்னா பயம்? இனிமே தைரியமா மலையில சொல்லிவுடுவாரு."