முற்பகல் பைத்தியம், பிற்பகல் சௌக்கியம்

முனிசாமிக்கு வருஷத்தில் இரண்டு தடவை பைத்தியம் பிடிக்கும். ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. இரண்டும் மனநல மருத்துவ மேல்படிப்புக்குச் செய்முறைத் தேர்வு நடக்கிற மாதங்கள்.

மற்ற பத்து மாதமும் அவர் நன்றாகத்தான் இருந்தார். ரேஷன் கடை வரிசையில் நின்றார். பக்கத்து வீட்டுத் தண்ணீர்ச் சண்டையை விலக்கினார். ராத்திரி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கினார்.

நிஜமாகவே பிடித்தது 1990இல். அப்போது காஞ்சிபுரத்தில் நெசவாளர் சங்கம் ஒன்றின் சாயப் பட்டறையில் வேலை. பட்டு நூலை முக்கும் கொதிக்கிற அண்டாவுக்குள்ளிருந்து, செத்துப்போன மாமனார் பேச ஆரம்பித்தார். முதலில் குசலம் விசாரித்தார். பிறகு யோசனை சொன்னார். ஒருநாள், "அரக்கு வேணாம் மாப்ள, எல்லாத்தையும் பச்சையில போடு" என்றார். முனிசாமி போட்டார். நாற்பது முகூர்த்தப் புடவைக்கான நூல். சங்கம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. மனைவி லோகாம்பாள் டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

மாத்திரை ஆரம்பித்த நாலாம் மாதம் மாமனார் மௌனமானார்.

"உசுரோட இருந்தப்பகூட எங்கப்பன் இவ்ளோ சீக்கிரம் வாய மூடினதில்ல" என்றாள் லோகாம்பாள்.

மாத்திரை எழுதியவர் பேராசிரியர் ஹயக்ரீவன். சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் துறைத்தலைவர், பூர்வீகம் சின்ன காஞ்சிபுரம். "நோயாளி ஆஸ்பத்திரியில் இல்லை. தெருவில் இருக்கிறான். தெருவுக்குப் போங்கள்" என்பது அவருடைய முதல் வகுப்பின் முதல் வாக்கியம். சொன்னபடியே அவர் மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை சின்ன காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் சமூக மனநல மையம் நடத்தினார். கார் மண்டபத்து வாசல்வரை வரும். தெரு அதற்கு வெளியே இருந்தது.

வைத்தியத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. மாத்திரை சரியான மாத்திரை. சிக்கல் என்னவென்றால், முனிசாமி குணமான பிறகு பேராசிரியருக்கு அவரை விட மனசு வரவில்லை. தேர்வுக்கு இப்படி ஒரு கேஸ் கிடைக்குமா? ஆரம்பம், நடு, முடிவு என்று கதை கோவையாக வரும். அடிக்க மாட்டார், ஓட மாட்டார், எதிரில் உட்கார்ந்திருக்கும் மாணவர் மேல் துப்ப மாட்டார். ஒரே ஒரு நிபந்தனை, குரல் இன்னும் கேட்பதாகச் சொல்ல வேண்டும். முனிசாமியும் நன்றிக்கடன் என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாலைந்து தேர்வில் பாடத்திட்டமே அவருக்கு மனப்பாடம். வியர்த்து வழியும் மாணவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "தம்பி, சாவணும்னு தோணுதான்னு கேக்கலியே. அத வுட்டா ரெண்டு மார்க்கு போவும்பா." அல்லது, "எனக்கு வியாதி இருக்கறது எனக்கே தெரியுதான்னு கடைசில கேளுங்க. பெரியவரு அங்கதான் மடக்குவாரு." அப்படி அவர் தயவில் தேறிய மனநல டாக்டர்கள் பத்தொன்பது பேர். அதில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருந்தார்கள்.

1998 ஆடியில் சாயப் பட்டறையில் ஓர் இடம் காலியானது. சங்கத்துச் செயலாளர் பரசுராமன் ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"உன் கை கலர் இங்க எவனுக்கும் வரல. வந்து சேரு. ஆனா கொதிக்கிற அண்டா, ஆசிடு. நாளைக்கு எதுனா ஆச்சின்னா என் தலை உருளும். ஆளு சொகமா இருக்கறான், வேலைக்கு விடலாம்னு உங்க டாக்டர் கிட்ட ஒரு வரி எழுதி வாங்கிக்கினு வா."

முனிசாமி ஒரு வரி கேட்டார். பேராசிரியர் "பார்க்கலாம்" என்றார். அடுத்த மாதம் "அவசரப்படாதே" என்றார். அதற்கடுத்த மாதம், "அக்டோபர் போகட்டும்பா" என்றார். வேறு டாக்டர்களிடம் போனால், "ஃபைல் அவர்கிட்ட இருக்குது, அவர்தான் எழுதணும்" என்றார்கள். பரசுராமன் கடைசித் தவணை கொடுத்தார்: அக்டோபர் பன்னிரண்டு, திங்கட்கிழமை. தை முகூர்த்த ஆர்டர் குவிந்து கிடந்தது. லெட்டர் வராவிட்டால் ஆரணியிலிருந்து ஆள் வரும்.

அதற்கு முந்தின சனிக்கிழமையைத்தான் ஹயக்ரீவன் தன் வாழ்நாள் சனிக்கிழமையாகத் திட்டமிட்டிருந்தார். இந்தியாவிலேயே முதல்முறையாக, அவர் கணக்குப்படி, மேல்படிப்புத் தேர்வு ஒன்று மக்கள் நடுவில் நடக்கப்போகிறது. அதாவது அதே கல்யாண மண்டபத்தில். பெங்களூரிலிருந்து வெளித் தேர்வாளராக டாக்டர் ஸுபத்ரா வருகிறார். டில்லியில் ஓர் அமைப்பு கொடுக்கும் சமூக மனநல விருதுக்கு ஆள் பார்க்கும் குழுவிலும் அந்த அம்மாள் இருந்தார். காலையில் தேர்வு. சாப்பாட்டுக்குப் பிறகு மையத்தைச் சுற்றிக் காட்டி, குணமாகிச் சமூகத்தோடு கலந்துவிட்ட நோயாளி ஒருவரை முன்னால் நிறுத்த வேண்டும்.

இங்கே ஓர் இடைஞ்சல். குணமானவர்கள் மையத்துக்கு வருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். குணமாகாதவர்கள் வர ஆரம்பிக்கவே இல்லை. நடுவில் ஃபைல் ஒழுங்காக இருந்தது முனிசாமி ஒருவருக்குத்தான்.

"காலைல தாடி, லுங்கி. கேஸ் நீதான்" என்றார் ஹயக்ரீவன், அவரைத் தனியே அழைத்து. "மத்தியானம் ஷேவ் பண்ணி, வெள்ளைச் சட்டை, நெத்தில சந்தனம். அப்போ நீ குணமானவன். புரியறதா?"

"அந்தம்மாவுக்கு அடையாளம் தெரிஞ்சிடாதுங்களா சார்?"

"அவா பேப்பரைத்தான் பார்ப்பா. மூஞ்சியைப் பார்க்கற வழக்கம் எங்க தொழில்லயே போயிடுத்துப்பா."

சனிக்கிழமை வந்தது. போன வாரக் கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்துகள் இன்னும் மேடையில் இருந்தன. மாப்பிள்ளை, பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலிகளில் தேர்வாளர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்று வாரத் தாடியுடன் முனிசாமி மணமகள் அறையில் காத்திருந்தார். அவருக்கு ஒதுக்கப்பட்ட மாணவி ஸ்ரீவல்லி. சென்னைப் பெண், போன ஏப்ரலில் ஒரு தடவை தவறியவள்.

அவள் கேள்விகளைக் கேட்டாள். முனிசாமி வழக்கமான பதில்களைச் சொன்னார். பாதியில் பேனாவை வைத்துவிட்டாள்.

"ஐயா, மாமனார் கடைசியா எப்போ பேசினார்?"

பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. "தொண்ணூத்தி ஒண்ணு, பொங்கலுக்கு முன்னால" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா... இல்லம்மா."

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்கீங்க? உங்களுக்கு என்ன வேணும்?"

எட்டு வருஷத்தில் எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. முனிசாமி "ஒரு வரி லெட்டரும்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். பிறகு அவருக்கே பயமாகிவிட்டது. "இதையெல்லாம் அங்க சொல்லாதம்மா. குரல் கேக்குதுன்னே எழுதிக்க. பாஸ் ஆவற வழியப் பாரு."

ஸ்ரீவல்லி எழுதவில்லை. வெல்வெட் நாற்காலிகளுக்கு முன்னால் நின்று, "இவருக்கு இப்போது நோய் அறிகுறி எதுவும் இல்லை. வேலைக்குப் போகலாம்" என்றாள்.

ஹயக்ரீவனின் முகம் சிவந்தது. "முனிசாமி, இங்க வா. உனக்குக் குரல் கேக்கறதா இல்லையா?"

முனிசாமி பேராசிரியரைப் பார்த்தார். துணைக்கு வந்து ஓரமாக நின்ற லோகாம்பாளைப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"கேக்கல சார். நான் நல்லாத்தான் இருக்கறேன்."

ஹயக்ரீவன் மெல்லச் சிரித்தார்.

"பார்த்தீர்களா மேடம்? மறுக்கிறான். தனக்கு நோய் இருப்பதே தெரியவில்லை. இந்த நோயின் அடிப்படை லட்சணம்."

"அழகான கேஸ்" என்றார் ஸுபத்ரா, மதிப்பெண் தாளிலிருந்து தலையெடுக்காமல். "இதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியவில்லையென்றால் எப்படிம்மா?" நூற்றுக்கு முப்பத்தெட்டு போட்டார். தேற ஐம்பது வேண்டும்.

சாப்பாட்டு நேரம். மிளகும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லி வாழையிலையில் பறந்துகொண்டிருந்தது. சமையல்கட்டுக்குப் பின்னால் சவரக்காரர் கிண்ணத்தில் சோப்பைக் குழைத்துக்கொண்டு நின்றார். லோகாம்பாள் பேராசிரியரை வழிமறித்தாள்.

"சார், லெட்டரு இப்ப குடுத்தீங்கன்னா தாடிய எடுப்பாரு."

"நாளைக்குத் தரேம்மா."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை. நீங்க மெட்ராஸ்ல இருப்பீங்க."

"நன்னா இருக்கும்மா, என்னையே மிரட்டறயா? உங்க வீட்டுக்காரன் உயிரோட இருக்கறதே என் மாத்திரைலதான்." விரலை நக்கிக்கொண்டே போய்விட்டார்.

லோகாம்பாள் கொஞ்ச நேரம் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புருஷனிடம் வந்தாள்.

"உக்காந்து ஷேவ் பண்ணிக்கய்யா."

"லெட்டரு?"

"இவரு எழுத மாட்டாரு. எழுதற கை வேற ஒண்ணு அங்க இட்லி தின்னுக்கினு இருக்குது. நீ பேசாம வா. கேட்டா காலைல சொன்ன அதே பதிலச் சொல்லு, ஒரு எழுத்து மாத்தாத."

மூன்று மணிக்கு வெள்ளைச் சட்டையும் சந்தனமுமாக முனிசாமி மேடை ஏறினார். ஹயக்ரீவன் அவர் தோளில் கை போட்டார். எட்டு வருஷத்தில் முதல்முறை.

"எங்கள் மையத்தின் பெருமை, மேடம். நோய் விட்டு ஏழு வருஷம்."

ஸுபத்ரா கையிலிருந்த படிவத்தைப் பார்த்தபடி கேட்டார். "குரல் கேட்கிறதா?"

"கேக்கல மேடம். நான் நல்லாத்தான் இருக்கறேன்."

"அழகு" என்றார் ஸுபத்ரா. "எவ்வளவு தெளிவு பாருங்கள். பேச்சிலேயே தெரிகிறது." படிவத்தில் ஐந்து இடத்தில் டிக் போட்டார்.

லோகாம்பாள் முன்னால் வந்து கும்பிட்டாள். "நீங்க சொன்னத ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. சங்கத்துல கேக்கறாங்க. பெங்களூர் டாக்டரு கையெழுத்துன்னா மதிப்பாங்க."

"அதை நான் பார்த்துக்கறேன்" என்று ஹயக்ரீவன் குறுக்கே வந்தார்.

"இல்லை டாக்டர், நானே எழுதுகிறேன். குழுவுக்கும் ஒரு நகல் உதவும்."

என்ன சொல்லித் தடுப்பார்? இவன் சுகமாக இல்லை என்றா? விருது எதிரில் உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தது. ஸுபத்ரா தன் லெட்டர்பேடில் ஒரு வரிக்கு ஆறு வரியாக எழுதினார். அன்று தானே நேரில் பரிசோதித்ததாகவும், பல வருஷமாக நோய் அறிகுறி இல்லையென்றும், எந்த வேலைக்கும் தகுதியானவர் என்றும். கையெழுத்து, தேதி, முத்திரை.

லோகாம்பாள் தாளை வாங்கினாள். புடவைத் தலைப்பில் முடிந்துகொள்ளவில்லை. நேராகத் தூணோரம் நின்றுகொண்டிருந்த ஸ்ரீவல்லியிடம் நீட்டினாள்.

"படிச்சுச் சொல்லும்மா. பேரு சரியா போட்டிருக்குதா?"

ஸ்ரீவல்லி உரக்கப் படித்தாள். எம். முனிசாமி, வயது நாற்பத்தொன்று, சாயத் தொழிலாளி. முடித்துவிட்டு, மிக மரியாதையாக, "மேடம், காலைல என் கேஸ் பேரும் இதுதான். வயசும் இதுதான். மார்க் ஷீட்டுக்கு இன்னும் சீல் வைக்கலன்னு நினைக்கிறேன்" என்றாள்.

ஸுபத்ரா அப்போதுதான் தலை நிமிர்ந்து முனிசாமியின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஹயக்ரீவனின் முகத்தைப் பார்த்தார். சவரக்காரர் சரியாகத் துடைக்காத சோப்பு முனிசாமியின் காதோரம் காய்ந்து கிடந்தது.

ஒரே ஆளை, ஒரே நாளில், ஒரே பதிலுக்கு, காலையில் பைத்தியம் என்றும் மத்தியானம் சௌக்கியம் என்றும் தன் கையாலேயே எழுதியாகிவிட்டது. கூச்சல் போட்டால் முதலில் மானம் போவது யாருக்கு? ஸுபத்ரா கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"கூட்டலில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, டாக்டர் ஹயக்ரீவன்" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் தோணித்து" என்றார் ஹயக்ரீவன்.

முப்பத்தெட்டு, எழுபத்திரண்டு ஆனது. விருதும் வந்தது. தப்பை வெளியே சொல்ல முடியாத இரண்டு பேர் சேர்ந்தால் விருது வராமல் எங்கே போகும்?

திங்கட்கிழமை காலை பரசுராமன் லெட்டரை இரண்டு தடவை படித்தார். "கேட்டது ஒரு வரி. இந்தம்மா உனக்கு எம்.எல்.ஏ. சீட்டே குடுத்துடும் போலக்குதே" என்றார். அன்று பகலே முனிசாமி அண்டாவுக்கு முன்னால் நின்றார். மூங்கில் கழியில் நூலை மாட்டி, முக்கி, புரட்டி, எடுத்து வெயிலில் பிடித்தார். அசல் அரக்கு. அண்டா கொதித்தது. வேறு எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் வந்தது. பேராசிரியர் இரண்டு கார்டு போட்டார், பதில் இல்லை. மூன்றாம் முறை தானே கிளம்பி வந்தார். பட்டறை இருந்த சந்துக்குள் கார் நுழையவில்லை. இறங்கி நடந்தார். சாயத் தண்ணீர் ஓடிய தெருவில், வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாப்பா. தேர்வு."

"லீவு நான் குடுக்க முடியாதுங்க. செயலாளரு குடுக்கணும்."

பரசுராமன் மேஜையை விட்டு எழவில்லை. "வேலை மலையா கெடக்குது சார். உடம்பு சொகமில்லன்னாதான் லீவு. ஆளுக்குச் சித்தம் சரியில்லன்னு நீங்க எழுதிக் குடுங்க, இப்பவே அனுப்பறேன்."

ஹயக்ரீவன் பேனாவைத் தொட்டார். மண்டபத்துச் சுவரில் விருதுக்குக் கீழே கண்ணாடிச் சட்டத்தில் முனிசாமியின் படம், பூரண குணம் என்ற வரியோடு தொங்கிக்கொண்டிருந்தது. கை பேனாவை விட்டது.

வாசல்வரை முனிசாமி கூடவே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "சார், கேஸுதானே ஓணும்? எதிர்வீட்டுல கந்தன்னு ஒருத்தர். மூணு மாசமா கதவத் தாப்பா போட்டுக்கினு தறிகிட்டப் பேசிக்கினு இருக்கறாரு. சோறு தண்ணி இல்ல. பாவம், பொஞ்சாதி அழுதுக்கினு இருக்குது. நாலு எட்டு நடந்தா வீடு. நீங்க பாத்தீங்கன்னா எனக்கு ஆன மாதிரி அவருக்கும் ஆவும்" என்றார்.

ஹயக்ரீவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். வேட்டி ஓரத்தில் அரக்குச் சாயம் ஏறியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மண்டபத்துக்கு வரச் சொல்லு" என்றார். "ரெண்டாவது சனிக்கிழமை."