பத்து விநாடி

பத்து விநாடிக்கு மேல் சத்தம் வராவிட்டால் எங்கள் வானொலி தானாகப் பழைய சினிமாப் பாட்டுக்குப் போய்விடும். அது நிலையத்தை நடத்தும் சந்திரமதி டீச்சர் செய்துவைத்த ஏற்பாடு. ஒருமுறை எங்களில் ஒருவனான சுகுமாறன் மைக்கைத் திறக்க மறந்து நாற்பது நிமிடம் சமையல் குறிப்பு வாசித்தான், யாருக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் கணினியில் இந்தக் காவல் வந்தது. நாங்கள் அதற்கு ஜாகா என்று பெயர் வைத்தோம். தொழிற்சாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மாதிரிதான், ஆனால் இது தூங்காது.

ஜோகூர் மாநிலத்துக் கூலாயில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. இணையத்தில் மட்டும் ஒலிக்கும் சமூக வானொலி. ஞாயிறு மூன்றிலிருந்து நான்குவரை என்னுடைய ஜாஸ் நிகழ்ச்சி. நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் ஆண்டில் விட்டவன். பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். இயந்திரச் சத்தத்தை மறைக்கக் காதில் எதையாவது மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜாஸ் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

"உன் நிகழ்ச்சிய கேக்குறது மொத்தம் நாலு பேரு லா, ரூபன்," என்பார் டீச்சர். "அதுல ஒருத்தி நான். நானும் துணி மடிச்சிக்கிட்டேதான் கேக்குறேன்."

குகநாதன் அந்த நாலு பேரில் இன்னொருவர். வயது எழுபத்து நான்கு. ஜோகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் ஹோட்டல்களில் முப்பத்தைந்து வருடம் சாக்ஸபோன் வாசித்தவர். அவர் புகைத்ததில்லை, கேட்க வந்தவர்கள் புகைத்தார்கள். நுரையீரலில் பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை. முதல்முறை வந்தபோது எங்கள் மாடிப்படியை ஏற ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

"தம்பி, எனக்கொரு பதினைஞ்சு நிமிஷம் தருவீரோ?" என்று கேட்டார். அவர் பேச்சில் யாழ்ப்பாணம் இருந்தது. அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

எதற்கு என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். முப்பத்தொரு வருடத்துக்கு முன் ஒரு பாடகிக்காக வீட்டை விட்டுப் போனவர் அவர். பாடகி இரண்டு வருடத்தில் அவரை விட்டுப் போனார். மனைவி யோகம் இப்போது கோத்தா திங்கியில், மகள் வசந்தினி வீட்டில் படுத்திருக்கிறார். வயிற்றில் புற்றுநோய். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்க வரட்டுமா என்று இவர் கேட்டதற்கு, வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று பதில் வந்தது. அவர் ரேடியோவில் வாசித்தால் கேட்பீர்களா என்று மகள் தாயிடம் கேட்டிருக்கிறாள்.

"ஒருக்கா கேக்கிறன் எண்டு சொன்னவவாம்," என்றார். "அத்தனை வருஷம் இரவிரவா வாசிச்சன். ஒருநாளும் அவ வந்து கேட்டதில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை."

அவரே அமைத்த ஒரு மெட்டை வாசித்துக் காட்டினார். மூச்சு வாங்குவதை அவர் மறைக்கவில்லை, இசைக்குள்ளேயே வைத்துவிட்டார். ஒரு வரி வாசிப்பார், நிறுத்துவார். அடுத்த வரிக்காக நாம் காத்திருக்கும் நேரத்தில் அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்வார். கேட்பவனுக்கு அது நோயாகத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஷிப்ட் முடிந்து, கூடுதல் வேலையும் பார்த்துவிட்டு நேராக நிலையத்துக்கு வந்தேன். நேரடி வாசிப்பு என்றால் ஜாகாவை நிறுத்திவைக்க வேண்டும். கணினியில் ஒரே ஒரு சொடுக்கு. மறந்துவிட்டேன். நடுவில் மணி அடித்துக் கெடுத்துவிடுமே என்று போனையும் அணைத்திருந்தேன். என் காதில் மாட்டியிருந்தது அறைக்குள் நடப்பதை மட்டும் தரும்; வெளியே என்ன போகிறது என்பதைத் தராது. திரையில் சிவப்பு எழுத்து வந்திருக்கும். இசையில் கரைந்து கண்ணை மூடியிருந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் நான் தூங்கி முப்பது மணி நேரம் ஆகியிருந்தது.

பதினான்கு நிமிடம் வாசித்தார். மூன்றாவது நிமிடத்தில் ஒரு நீண்ட இடைவெளி விட்டு, மிகத் தாழ்ந்த சுரத்தில் திரும்ப எடுத்தார். முழு வாசிப்பிலும் அதுதான் உச்சம். ஜாகா விழித்துக்கொண்டதும் அங்கேதான். ஒருமுறை பாட்டுக்குப் போய்விட்டால், நிலையத்தில் இருப்பவர் கையால் மாற்றினால்தான் மைக்குக்குத் திரும்பும்.

முடித்ததும் அவர் முகம் வேர்த்து, சிரித்தபடி இருந்தது. "கேட்டிருப்பா," என்றார். அவரைக் காரில் ஏற்றிவிட்டு வந்து போனைத் திறந்தேன். டீச்சர் ஏழு முறை அழைத்திருந்தார். வசந்தினியிடமிருந்து, கூப்பிடு என்று ஒரே ஒரு செய்தி. அவளைக் கூப்பிட்டேன்.

"என்னதான் தம்பி ஆச்சு?" என்றாள். "நல்லா போய்க்கிட்டு இருந்துச்சு. திடீர்னு சினிமாப் பாட்டு."

"என் தப்புக்கா. மெஷின ஆஃப் பண்ண மறந்துட்டேன்."

"அலமாக், அடக் கடவுளே."

"அம்மா என்ன சொன்னாங்க?"

 தாயின் பேச்சிலேயே சொன்னாள். "'எழும்பிப் போயிட்டார். பாதியில விட்டிட்டுப் போறது அவருக்குப் புதுசோ?' அப்படின்னாங்க. போனத் தள்ளி வைக்கச் சொன்னாங்க. ரேடியோக்காரங்க தப்பா இருக்கும்மான்னு சொல்லிப் பாத்தேன். 'அவருக்காகப் பொய் சொல்லாதை'ன்னு திட்டு."

"ரெக்கார்டிங் அனுப்பட்டுமா?"

கேட்டுக்கொண்டே தேடினேன். வெளியே போவதைத்தான் எங்கள் கணினி பதிவு செய்யும். மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு பதிவிலும் சினிமாப் பாட்டுதான். மீதிப் பதினொரு நிமிடம் உலகத்தில் எங்கும் இல்லை.

"விட்டுரு தம்பி," என்றாள் வசந்தினி. "அம்மா முழுசா கேட்டாங்கன்னு அப்பாகிட்ட இப்பத்தான் சொன்னேன். அழுதுட்டாரு. நீ போயி ஒண்ணும் உளறாத."

மூன்று நாள் உளறவில்லை. புதன்கிழமை மாலை வேலைக்குப் போகும் வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். நான் நல்லவன் என்பதால் இல்லை. அவர் பாதியில் விட்டுப் போனதாக நினைத்துக்கொண்டே அந்த அம்மா சாகப்போகிறார். இந்தமுறை பாதியில் விட்டது நான். அதை அவர் பெயரில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சாக்ஸபோன் பெட்டி அலமாரிக்கு மேலே ஏறியிருந்தது. "இனி இதை இறக்கத் தேவையில்லை," என்றார். டீ கலக்கிக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எத்தினையாவது நிமிஷம்?"

"மூணாவது, அங்கிள்."

"அந்த இடைவெளியிலயோ?"

"ஆமா."

"அது நல்லா வந்தது," என்றார். கொஞ்சம் கழித்து, "எழும்பிப் போனன் எண்டோ நினைச்சவ?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஞாயிறு திரும்ப வாறன். நேரம் எடுத்து வையும்."

"முடியுமா உங்களால?"

"அது உம்மட வேலை இல்லை. நீர் உம்மட வேலையை ஒழுங்காப் பாரும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் படியேறப் பதினொரு நிமிடம் ஆனது. அம்மாவைக் கேட்க வைக்கும்படி வசந்தினியிடம் முன்னாலேயே சொல்லியிருந்தேன். ஜாகாவை நிறுத்தினேன். நிறுத்தியிருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். மைக்கில் நானே சொன்னேன்: போன வாரம் நிகழ்ச்சி அறுந்துபோனது எங்கள் தவறு, குகநாதன் கடைசிவரை வாசித்தார்.

முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரி நடுவில் உடைந்தது. மூன்றாவதில் சுரமே இல்லை. குழாய்க்குள் காற்று மட்டும் போனது. இருமினார். மறுபடி வாயில் வைத்தார். இரண்டரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

இப்படி நடந்தால் மைக்கை மூடி ஒரு பாட்டைப் போடுவதுதான் வழக்கம். என் கை விசைமேல் போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையை ஆட்டினார். வேண்டாம். எழுந்திருக்கவும் இல்லை. மைக்குக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

விட்டேன். காற்றாடியின் சத்தம் ஒலிபரப்பில் போனது. நாற்காலி கிரீச்சிட்டது போனது. அவர் மூச்சு விசில் மாதிரி இழுத்து இழுத்துப் போனது.

டீச்சர் போனில் கூப்பிட்டார். "என்னடா, ரேடியோ செத்துப்போச்சா?"

"இல்ல டீச்சர். உள்ள உக்காந்திருக்காரு."

"வாசிக்கலையே?"

"முடியல."

"அப்புறம் எதுக்குடா மைக்கத் தொறந்து வச்சிருக்க?"

"அவர் நேரம் இன்னும் முடியல டீச்சர்."

வைத்துவிட்டார். வீட்டிலிருந்தே அவரால் ஜாகாவைத் திருப்பிப் போட முடியும். போடவில்லை. கேட்பவர்கள் எத்தனை பேர் என்று திரையின் ஓரத்தில் காட்டும். அன்று அதிசயமாகப் பதினேழு இருந்தது ஒன்பது ஆனது, நான்கு ஆனது, இரண்டு ஆனது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

பன்னிரண்டரை நிமிடம் கழித்து மைக்கை மூடினேன்.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"முடிஞ்சிருச்சு, அங்கிள்."

வசந்தினி கூப்பிட்டபோது அவர் என் பக்கத்தில்தான் நின்றார். போனைக் காட்டினேன், நீரே பேசும் என்று கை காட்டினார்.

"அம்மா ரெண்டு தடவ கேட்டாங்க, போயிட்டாரோன்னு," என்றாள். "இல்லம்மா, மூச்சு கேக்குது பாருங்கன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தூங்கிட்டாங்க."

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"வேற ஒண்ணும் இல்ல தம்பி."

கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"வாசிச்சதைப் பற்றி?"

"ஒண்ணும் சொல்லலயாம்."

தலையை ஆட்டினார். பெட்டியை மூடத் தெரியாதவர் போலக் கொஞ்ச நேரம் அதன் பூட்டோடு மல்லுக்கட்டினார்.

யோகம் அம்மா வியாழக்கிழமை காலையில் இறந்தார். வெள்ளிக்கிழமை குகநாதனை நான்தான் கோத்தா திங்கிக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்கு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். வசந்தினி வெளியே வந்து, "உள்ள வாங்கப்பா, முகத்தைப் பாத்துட்டு வாங்க," என்று அவர் கையைப் பிடித்தாள்.

அவர் வாசல் கேட்டுக்கு வெளியே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"அவ வரச் சொல்லேல்லை," என்றார்.

உடலை ஏற்றிய வண்டி புறப்படும்வரை அங்கேயேதான் நின்றார்.