மஞ்சளானால் வரும் மச்சான்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உள்ளங்கை அரித்தால் மச்சான் வரப்போகிறான் என்று அர்த்தம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, மச்சான் செத்துப்போனவன் என்பதைத் தவிர.

பித்தப்பையை எடுத்த ஆபரேஷனில் ஏற்பட்ட தழும்பு, மெக்கானிக்கின் பித்தநாளத்தை இறுக்கிவிட்டது. புற்று கிற்று ஒன்றுமில்லை, வெறும் தழும்புதான் என்றார்கள். வாய் வழியாகக் குழாயை விட்டு, இறுகிய இடத்தில் பேனா ரீஃபில் கனத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்டைச் சொருகினார்கள். சில மாதத்தில் அதுவும் கசடு கட்டி அடைத்துக்கொள்ளும். முதலில் கை அரிக்கும், பிறகு கண் மஞ்சளாகும். கண் நன்றாகப் பழுத்ததும் கட்டிலின் கால்மாட்டில் மச்சான் உட்கார்ந்திருப்பான். அவனும் லிஃப்ட் மெக்கானிக்தான்: அதே காக்கிச் சட்டை, அதே கிரீஸ் விரல்கள். அவன் உட்கார்ந்த இடத்தில் மெத்தை அமுங்கும்.

"மாமா, உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் மூணாவது மாடியில கீச்சுனு கத்துதே, கேட்டீங்களா? கைடு ஷூ தேஞ்சிருக்கு. நாளைக்கு நின்னுடும்."

"செத்த பிறகும் இந்த வேலைதானாடா?"

"வேற என்ன தெரியும் எனக்கு?"

பித்தம் தலைக்கேறிவிட்டது என்றுதான் மெக்கானிக்கின் மனைவி முதலில் நினைத்தாள். மறுநாள் அந்த லிஃப்ட் அவளை உள்ளே வைத்துக்கொண்டே மூணாவது மாடியில் நின்றது. வெளியே வந்தவள் கேட்ட முதல் கேள்வி: "என் தம்பி என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

சொல்லவில்லை. அங்கேதான் சிக்கல்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து நின்ற தம்பியிடம் அவள் விளையாட்டாகச் சொன்னாள்: "எங்க தெரு லிஃப்டெல்லாம் சரியா சோறு வெந்ததும்தான் ரிப்பேர் ஆகுமாடா?" அவன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான். "இனி உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று போனவன், சமாதானமாவதற்குள் மாரடைப்பில் போய்விட்டான். செத்தும் வார்த்தை தவறவில்லை. வாசப்படியை மிதிக்காமல் ஜன்னல் வழியாகத்தான் வந்தான். கட்டில் கால்மாட்டில் அவள் வைத்த தண்ணி வைத்தபடியே இருந்தது. அவளை அக்கா என்றுகூடச் சொல்லாமல், "உங்க வீட்டம்மா" என்றான்.

அதனால் மெக்கானிக் மஞ்சளானால் அவள் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதில்லை. அவர் முதுகைச் சொறிந்துவிட்டுக்கொண்டே சொல்வாள்: "இன்னும் ரெண்டு நாள் மஞ்சளா இருங்களேன். அதுக்குள்ள பேசிடுவான்."

"ஏண்டி, நான் என்ன உனக்கு டெலிபோனா?" என்பார் மெக்கானிக். இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்.

ஒரு முறை ரெண்டு நாள் நாலு நாளானது. காய்ச்சலில் கட்டிலோடு சேர்ந்து நடுங்கியவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே சீழ் பிடித்திருந்தது. மறுபடி இப்படி வந்தால் பிழைக்கமாட்டார் என்றாள் டாக்டர்.

"இது மருந்து பூசின ஸ்டென்ட். மருந்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு தழும்பை வளர விடாது. சில மாசத்துல இதை எடுத்துட்டாலும் வழி திறந்தே இருக்கும்னு எதிர்பார்க்கிறோம். புது முறை. சம்மதமா?"

"இதுக்கப்புறம் மஞ்சளே ஆகமாட்டாரா?"

"அதுக்குத்தானேம்மா போடறோம்!"

நல்ல சேதி கேட்டு இந்த அம்மா முகம் ஏன் வாடுகிறது என்று டாக்டருக்குப் புரியவில்லை.

மனைவி கால்மாட்டைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அங்கே அமுங்கிய மெத்தை மட்டும்தான். "டேய், எனக்கு இந்த மனுஷன் உசிரோட வேணும். நீ பேசாட்டி போ."

மச்சான் முதல்முறையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தான். மெத்தை மெல்ல மேலெழுந்தது.

பிறகு மெக்கானிக்குக்குக் கை அரிக்கவில்லை. கண் முட்டை வெள்ளை. கால்மாடு காலி. மனைவி தினமும் அங்கே தண்ணி மட்டும் வைத்தாள்.

ஸ்டென்டை எடுக்கும் நாளன்று வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர் படுத்திருந்தார். பழுத்த எலுமிச்சை நிறம், ஓயாத சொறி. அவர் மெக்கானிக்கிடம் சொன்னார்: "ஏங்க, உங்க கால்மாட்டுல இருக்கிற ஆளை எழுந்திரிக்கச் சொல்லுங்க. பெட்ஷீட்டெல்லாம் கிரீஸ்."

மெக்கானிக் பார்த்தார். யாருமில்லை. மெத்தை அமுங்கியிருந்தது.

மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து டம்ளரில் ஊற்றி வைத்தாள்.

"எந்த வீட்டுத் தண்ணின்னு கேக்கறார்" என்றார் தையல்காரர்.

"நம்ம வீட்டுத் தண்ணிதான்டா."

மூவரும் டம்ளரையே பார்த்தார்கள். தண்ணி ஒரே சீராக இறங்கி, அடி தெரிந்தது.

"'அக்கா, இன்னொரு டம்ளர்'ங்கறார்."

பாட்டில் காலியாகும்வரை அவள் ஊற்றினாள். கண்ணைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை.

அப்போது நர்ஸ் வந்தாள். "வெறும் வயித்துல இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! யார் தண்ணி குடிச்சது?"

"என் தம்பி" என்றாள் மனைவி.

"எங்க அவரு?"

மனைவி தையல்காரரைப் பார்த்தாள். அவர் வாசலைக் காட்டினார். "மூணாவது மாடியில ஏதோ வேலை பாக்கியாம்."

நர்ஸ் டம்ளரை எடுத்துத் திருப்பினாள். கருப்பாக நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் பதிந்திருந்தன. வெளியே, எப்போதும் கீச்சிடும் லிஃப்ட் மூச்சுக்காட்டாமல் இறங்கிப் போனது.